குடைக்கம்பி யார்டு

"ஏழு... எட்டு... ஒம்பது... பத்து." எண்ணி முடித்த பிறகுதான் திம்மராயன் ஈர்க்குச்சியை நீட்டி, தன் பொம்மை ரயில் பலகையில் பாயிண்டைத் திருப்புவார். பாயிண்ட் என்றால் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்கிற கம்பி. அதை நகர்த்தக் கண் இமைக்கும் நேரம் போதும். ஆனால் பாயிண்ட்ஸ்மேன் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் எஞ்சின் பக்கத்திலிருந்து அங்கே நடந்து வர வேண்டாமா? அதற்குத்தான் அந்தப் பத்து. அப்படி ஒருவர் அந்தப் பலகையில் கிடையவே கிடையாது. அவருக்கென்று ஒரு மரப்பொம்மைகூட வைக்கவில்லை. இருந்தாலும் அந்த இல்லாத மனிதர் நடந்து வந்து சேரும்வரை திம்மராயன் குச்சியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தினால், "மனுசன் நடந்து வரணுமில்லீங்களா? பறந்தா வருவான்?" என்று கேட்பார்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் அவர் குமாஸ்தா. வயது நாற்பத்தைந்து. ஒடிசலான உடம்பு, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை, காதில் காப்பியிங் பென்சில். அந்தப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி எழுதிக் கீழுதட்டில் ஓர் ஊதாக் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் அது கூடவே போகும். மனைவி சரோஜம்மாள் சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்து, அலுத்துப்போய், இது மச்சம் என்று விட்டுவிட்டாள்.

லாரியில் சரக்கு ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ராயக்கோட்டையில் இறங்கவேண்டிய மூட்டை ஓசூர் மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்ற பேச்சே அவர் வந்த பிறகு எழுந்ததில்லை. கடைசியில் இறங்குவது முதலில் ஏறவேண்டும், முதலில் இறங்குவது கடைசியில் ஏறவேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நாற்பது மூட்டையும், ஏழு ஊரும், நடுவழியில் ஏறிக்கொள்கிற இரண்டு எண்ணெய் டின்னும் சேரும்போது டிரைவர்கள் தலையைச் சொறிவார்கள். திம்மராயன் வானத்தைப் பார்த்து உதட்டை நாலு தடவை அசைப்பார், அவ்வளவுதான், வரிசை வந்துவிடும்.

கிருஷ்ணகிரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் வருஷம் பல ஆகிறது. மெட்ராசுக்குப் போகிற சரக்கெல்லாம் லாரியில் ஏறி, ஜோலார்ப்பேட்டைப் பாதையிலுள்ள ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போய், அங்கே வேகனுக்கு மாறவேண்டும். மாதத்தில் மூன்று நான்கு தடவை திம்மராயன் சரக்கோடு போவார். கூட வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இவர் மட்டும் கூட்ஸ் ஷெட் ஓரத்தில் குந்திக்கொண்டு, எஞ்சின் ஒவ்வொரு வேகனாகக் கோத்து இழுத்து, தள்ளி, கழற்றிவிட்டு, மறுபடி வந்து கோப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரயில்வேக்காரர்கள் இதை ஷண்டிங் என்கிறார்கள். லாரி விவகாரம்தான் இது, ஆனால் மூட்டையைக் கையில் தூக்க முடியாத லாரி விவகாரம் என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்கே மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு ட்ரங்குப் பெட்டிகளின் மேல் ஒரு பழைய ஒற்றைக் கதவு படுத்திருக்கிறது. அதுதான் அவருடைய ரயில் யார்டு. தண்டவாளம், கிழிந்த குடைகளின் கம்பி. சக்கரம், சட்டைப் பொத்தான். சின்னப் பொத்தானும் அதற்கு உட்புறம் ஒரு பெரிய பொத்தானுமாக ஒட்டினால் கம்பியை விட்டு இறங்காத சக்கரம் வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு எட்டு மாதமும் இரண்டு சட்டையும் ஆயிற்று. அச்சு சைக்கிள் ஸ்போக்கு. வேகன்கள் சிகரெட் டின். எஞ்சின் கருப்பு மை பூசிய ஒரு மரத்துண்டு. அதன் புகைபோக்கியில் செருகிய கம்பியைப் பிடித்து நகர்த்தவேண்டும். ஒரு வண்டியை இன்னொன்றோடு கோக்கிற கொக்கி, சரோஜம்மாளின் கொண்டை ஊசி. ஆறு ஊசிகள் இருந்தன. ஐந்து யார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான் அவள் தலையில் இருக்கிறது, அதில் கை வைத்தால் சோறு கிடையாது என்று அவள் சொல்லிவைத்திருக்கிறாள்.

இது தொடங்கிய கதையைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் ரயிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினார், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இழுத்தார். மூன்றாவது ஞாயிறு கொட்டாவி வந்தது. முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்த சரோஜம்மாள் நிமிர்ந்து பார்த்து, "இது எதை ஏத்திகினு எங்க போவுது? சும்மா போயி சும்மா வருதே" என்றாள். பாவம், அவள் விளையாட்டாகக்கூடச் சொல்லவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். இருபது வருஷமாக ஒரு வண்டியையும் காரணமில்லாமல் அனுப்பியிராத மனிதருக்கு அது சுருக்கென்று தைத்தது.

அன்று மத்தியானமே ஆபீசில் வீணாய்ப்போன சரக்குச் சீட்டுகளைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். 'உப்பு வேகன், ஷெட்டில் விடவும்.' 'புளி வேகன், மெட்ராஸ் வண்டியில் கோக்கவும்.' 'காலி வேகன், புண்ணாக்கு மண்டிக்கு.' எழுதியதையெல்லாம் ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, சரோஜம்மாளைக் கண்ணை மூடிக்கொண்டு நாலு எடுக்கச் சொன்னார். எடுத்தாள். மூன்று வேகன், இரண்டு கிளைத்தடம், ஓர் எஞ்சின், அவ்வளவுதான் சாமான். வேலையோ இரண்டு மணி நேரத்துக்கு வந்தது. கொட்டாவி போன இடம் தெரியவில்லை. அதிலிருந்து இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணை மூடிச் சீட்டு எடுப்பது சரோஜம்மாளின் வேலை. வேகனில் நிஜ உப்பும் நிஜப் புளியங்கொட்டையும் போட்டுத் தருவதும் அவள்தான். அவளைக் கேட்டால் எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்பாள்.

இந்த யார்டில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வேகன்மேல் கை படக்கூடாது. எஞ்சின் இழுக்கலாம், எஞ்சின் தள்ளலாம், மனிதக் கை தொடக்கூடாது. ஒரு தடவை எஞ்சினையே முட்டுச்சந்துக்குள் விட்டு, வாயிலில் மூன்று வேகனை நிறுத்திவிட்டார். வெளியே வர வழியில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன், ஒன்றைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றார். திம்மராயன் அவரைப் பார்த்த பார்வையில், ஆஞ்சப்பன் அப்புறம் ஒரு மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. எஞ்சின் பதினோரு நாள் அப்படியே கிடந்தது. பலகையை எடுத்து ஓரமாகச் சாத்தவும் விடாததால், கூடத்தில் நடக்க வழியில்லாமல் சரோஜம்மாள் பக்கவாட்டில் நடந்தாள். பன்னிரண்டாம் நாள் ஆபீசில் வெங்காய மூட்டைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர், "மூணையும் சேர்த்தே தள்ளிகினு வெளிய வந்தா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு எழுந்து நின்றாராம். இப்படிப்பட்ட பிடிவாதம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கேட்காத நியாயத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிற மனிதர் அவர். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

போன ஜூன் மாதம் இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சோதனை வந்தது.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற நாகம்மா, நூற்றிருபது கூடை மாம்பழத்தை மெட்ராசுக்கு அனுப்ப வந்திருந்தார். அந்த வருஷம் ஆலங்கட்டி மழை பாதித் தோப்பை உதிர்த்துவிட்டது. தப்பியது அந்த நூற்றிருபது கூடைதான், அதுவும் பழுக்கத் தொடங்கிவிட்ட காய். திம்மராயன் முதல் நாள் இரவே லாரி ஏற்றி, விடியற்காலையில் ஸ்டேஷன் கொண்டுபோய்ச் சேர்த்து, கூட்ஸ் தடத்தில் நின்ற வேகனில் வைக்கோல் பரப்பி அடுக்கியும் ஆயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு வருகிற கூட்ஸ் அதைக் கோத்துக்கொண்டு போகவேண்டும்.

பத்து மணிக்கு வேறொரு கூட்ஸ் வந்து, அந்தத் தடத்திலேயே ஒரு காலி வேகனையும், அதற்கு முன்னால் ஓர் உப்பு வேகனையும் விட்டுவிட்டுப் போனது. தடத்துக்கு ஒரே வாய், மறுமுனை முட்டு. வாயிலில் உப்பு, நடுவில் காலி, உள்ளே மாம்பழம். ஸ்டேஷன் மாஸ்டர் கையை விரித்துவிட்டார். மூன்று மணி வண்டிக்குப் பின்னாலேயே மெயில் வருகிறது, கூட்ஸ் பத்து நிமிஷத்துக்குமேல் நிற்க முடியாது, அதற்குள் இரண்டு வேகனை விலக்கி உள்ளே இருப்பதை எடுத்து மறுபடி இரண்டையும் அடைக்க நேரம் ஏது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

நாளைக்கு என்றால் அந்த இரும்புப் பெட்டிக்குள் இன்னொரு பகல் வெயில். நாகம்மா வேகன் நிழலில் உட்கார்ந்துவிட்டார். தெலுங்கில் எதையோ முணுமுணுத்தவர் திம்மராயனைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

"ஒரு வருசம் தண்ணி கட்டனது சாமி. நாளைக்குத் தொறந்தா கூழுதான் இருக்கும்."

திம்மராயன் தரையில் குந்தினார். சரளைக் கல்லில் மூன்று பொறுக்கி மண்ணில் வைத்தார். கோடு கிழித்தார். வாய்க்குப் பக்கத்தில் ஒரு குட்டைத் தடம் பிரிகிறது; அதில் ஏற்கெனவே ஒரு ரிப்பேர் வேகன் நிற்க, இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். விலக்க வேண்டியதோ இரண்டு. ஒரு கல்லை வைத்தார், எடுத்தார். உதடு அசைந்தது. வானத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து ஸ்டேஷன் மாஸ்டரின் ஜன்னலுக்குப் போய், அந்தக் காலி வேகன் எந்த ஊருக்கு என்று கேட்டார். ஜோலார்ப்பேட்டைக்குத்தான், நாளை வண்டியில் போகும் என்று பதில் வந்தது.

"அப்ப அத ஏங்க வெலக்கணும்? அதுவும் போற வண்டிதானே. இன்னிக்கே போவட்டும். உப்ப மட்டும் வெலக்குனா, மத்த ரெண்டையும் ஒரே இழுப்புல இழுத்துடலாம்."

ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவை மூடினார். சரிதான், ஆனால் கூட்ஸ் வருவதற்கு முன்னால் உப்பை யார் விலக்குவது, எஞ்சினுக்கு எங்கே போவது என்றார். திம்மராயனுக்கும் அந்த இடத்தில்தான் முட்டியது. எஞ்சின் இல்லாமல் வேகன் எப்படி நகரும்? இரண்டு வருஷமாகத் தன் பலகையில் அவர் ஒப்புக்கொள்ளாத விஷயம் அது.

பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த பாயிண்ட்ஸ்மேன் ஐசக் சிரித்துவிட்டார். குள்ளமான, தோள் அகன்ற மனிதர் அவர். கதவுப்பலகை யார்டைப்பற்றித் திம்மராயன் சொல்லக் கேட்டு ரொம்ப நாளாக அறிந்தவர்.

"எஞ்சின் எதுக்கு? லோடுமேனுங்க பன்னெண்டு பேரு தின்னுட்டுத் தூங்கறானுங்க. தோளு குடுத்தா வண்டி போவாதா?"

"கையாலயா?" என்றார் திம்மராயன்.

"பின்ன? எஞ்சின் இல்லாத நேரத்துல தெனம் அதான் நடக்குது."

திம்மராயனை அப்போது பார்க்கவேண்டும். அசல் மாதிரியே இருக்கவேண்டும் என்று இயற்றிய ஒரே சட்டம் அசலில் கிடையாதாம். ஆனால் மனிதர் அதற்காக முகத்தைத் தூக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தாமே முதல் ஆளாக உப்பு வேகனில் தோளைக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் தொட்டுத் தள்ளிய முதல் வேகன் அது. ஐசக் பிரேக் லீவர் பக்கத்திலேயே நடந்துவர, பன்னிரண்டு பேரும் ஐலசா போட்டு அதை வாய்க்குத் தள்ளி, பாயிண்டைத் திருப்பி, குட்டைத் தடத்துக்குள் அடைத்தார்கள்.

அடுத்தது காலியும் மாம்பழமும். இரண்டையும் சேர்த்து வாய்ப்பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டால் எஞ்சினுக்கு அரைவாசி வேலை மிச்சம். பாயிண்டைப் பழையபடி வைக்க ஐசக் முன்னால் போனார். ஆட்களை நடத்தும் பொறுப்பு திம்மராயனுக்கு. தள்ளினார்கள். வண்டி வந்தது. வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்ததும் திம்மராயன் உற்சாகமாக, "போதும், கை எடுங்க!" என்றார்.

எடுத்தார்கள். வண்டி நிற்கவில்லை.

பலகையில் விட்ட இடத்தில் நிற்கும் வண்டி, இங்கே நத்தை மாதிரி தானாகவே ஊர்ந்தது. எதிரே வாய், அதைத் தாண்டினால் மெயின் லைன். நாகம்மா எழுந்து நின்றுவிட்டார். திம்மராயன் ஓடிப்போய் வேகன் கதவின் தாழைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றினார். செருப்பு அறுந்தது, அவரும் சேர்ந்து இழுபட்டார். பாயிண்டிலிருந்து ஓடிவந்த ஐசக், பக்கவாட்டு லீவர்மேல் வயிற்றைக் கொடுத்து அப்படியே தொங்கினார். சக்கரம் கிறீச்சிட்டது. மெயின் லைனுக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது வண்டி நின்றது.

ஐசக் லீவர் எழும்பாமலிருக்க ஓர் இரும்பு முளையைச் செருகிவிட்டு, மூச்சு வாங்க, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"உங்க பலகை மட்டமா இருக்கும். இந்த யார்டு சாஞ்சிருக்குது. கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும். நான் வந்து லீவரப் போடறதுக்குள்ள கைய எடுத்துட்டீங்களே."

திம்மராயன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லாத பாயிண்ட்ஸ்மேனுக்காக ஞாயிறுதோறும் பத்து எண்ணுகிறவர், கண்ணெதிரே இருந்த பாயிண்ட்ஸ்மேன் நடந்து வர அன்று ஒன்றுகூட எண்ணவில்லை.

மூன்று மணி வண்டி வந்தது. எஞ்சின் தனியாகக் கழன்று உள்ளே போய், ஒரே இழுப்பில் இரண்டையும் இழுத்து, கொண்டுபோய் வண்டியில் கோத்தது. ஏழு நிமிஷம். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைச் சுருட்டிக்கொண்டே திம்மராயனைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசி வேகன் வளைவில் மறையும்வரை நாகம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த வாரம் அண்ணன் தோப்புக் காயி வருது. நீயே வந்து ஏத்தி வுடு தம்பி. கைய மட்டும் முன்னாடியே எடுத்துடாத."

ஆபீசில் இந்தக் கதை மறுநாளே பரவிவிட்டது. ஏழு நிமிஷத்தில் முடித்தாராமே என்று கேட்டவர்களிடமெல்லாம் திம்மராயன் சொன்னது, "வண்டி ஓடிப் போச்சுங்க. என் தப்பு. ஐசக் இல்லன்னா அவ்ளோதான்." பாராட்டை வாங்கிக்கொள்ளத் தெரியாது என்றில்லை, முழுக் கணக்கும் சொல்லாமல் பாதியை வாங்கிக்கொள்ள அவருக்கு வராது.

அதற்கடுத்த ஞாயிறு காலை சரோஜம்மாள் வழக்கம்போல் சொம்பைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். திம்மராயன் யார்டுக்கு முன்னால் நிற்கவில்லை, அதன் அடியில் படுத்துக்கிடந்தார். நாகம்மாவின் மாங்கூடையிலிருந்து அவிழ்ந்து வந்த சீட்டொன்றை நாலாக மடித்து, கதவுப்பலகையின் ஒரு மூலைக்கும் ட்ரங்குப் பெட்டிக்கும் நடுவே செருகினார். எழுந்து பார்த்தார். ஒரு டின் வேகனை எஞ்சினால் தள்ளிவிட்டார். அது நின்றது. மறுபடி படுத்து, சீட்டை எட்டாக மடித்துச் செருகினார். இந்தத் தடவை வேகன் நின்ற மாதிரி இருந்து, யோசித்து, மெதுவாக ஊர்ந்து, வாயைத் தாண்டி, குடைக்கம்பி முடிகிற இடத்தில் தரையில் விழுந்தது. உப்பெல்லாம் கொட்டியது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பொறுக்கி எடுத்து, மேட்டில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், ஆள்காட்டி விரலை வேகனின் முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றார். இரண்டு வருஷத்தில் அந்த யார்டில் ஒரு வேகன்மேல் விரல் தங்கியது அதுதான் முதல் தடவை. மற்றொரு கையால் பலகையைத் தடவி, சக்கரத்துக்கு முன்னால் செருக ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் சோறு கிடையாது என்று தெரியும்.

சரோஜம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அந்தக் கடைசி ஊசியை உருவி நீட்டினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அவர் வாங்கி, சக்கரத்துக்கு முன்னால் ஊசியை அழுத்திச் செருகினார். செருகிய பிறகும் விரலை எடுக்கவில்லை.

"ஒண்ணு," என்றார், பாயிண்ட் பக்கம் பார்த்துக்கொண்டே. "ரெண்டு... மூணு..."